பிரிக்காத இரண்டாவது பொட்டலம்

மாமா வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறார். காக்கிச் சட்டையின் அக்குளில் வியர்வை ஈரம். இண்டிகேட்டர் எரியாத வண்டியை ஓட்டுகிறவர் திரும்புவதற்குக் கை காட்டுவதுபோல இருக்கிறது. எதிரே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அந்தக் கையை இரண்டே விரலால் அழுத்துகிறார். கை சரிந்து விழுகிறது. பிறகு பளபளப்பான ஒரு வளையலை மாமாவின் மணிக்கட்டில் மாட்டிவிட்டு மறுபடி அழுத்துகிறார். கை அசையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டுகிறார்கள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளை அம்மாவைத் தேடிப் பார்த்துச் சிரிக்குமே, அந்த மாதிரி. மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புதான். கூடவே அழுகை வர வேண்டும். வருவதில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு ஆளைக் கைகாட்டி முடித்துவிட முடியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மாமா என் அம்மாவுடன் பிறந்தவர். மாட்டுத்தாவணிக்கும் செல்லூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். நான் அதே செல்லூரில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்க்கிறேன். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு என்று எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டப் போவேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. நான் வெளியே வந்ததில் பள்ளிக்கூடம்தான் பிழைத்தது. மாமாவும் நானும் சேர்ந்தால் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. "என்னா மாப்ள, எந்த வயர எதுல சொருகணும்னு தெரிஞ்சிருச்சா, இல்ல இன்னும் வாயிலதான் கத்திக்கிட்டிருக்கீகளா?" என்பார். "உங்க வண்டிச் சத்தத்துக்கு முன்னாடி எங்க செட்டு எடுபடுமா மாமா? பேசாம சைலன்சரக் கழட்டி எங்களுக்கு வாடகைக்கு விடுங்க" என்பேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகள், இவர்களுக்குள் என்ன பகை என்று பயந்து பார்ப்பார்கள்.

அவரைப் போன்ற சந்தேகக்காரரை நான் பார்த்ததில்லை. டீசல் அடிக்கப் போனால் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்ப்பார். தேங்காய் வாங்கினால் தட்டுவார், ஆட்டுவார், காதில் வைத்துக் கேட்பார், வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து மறுபடி தட்டுவார். "அண்ணே, கட்டிக்கவா போறீக? எடுத்துட்டுக் கெளம்புங்க" என்று கடைக்காரர் கத்தும்வரை விடமாட்டார். சாயம் போகாது என்று சொல்லி விற்ற துண்டைக் கடை வாசலிலேயே தண்ணீரில் முக்கிப் பிழிந்து காட்டிச் சண்டை போட்டவர். அப்படிப்பட்ட மனுஷன் தன் உடம்பு விஷயத்தில் மட்டும், ஒருவர் சொன்னதைத் தட்டிப் பார்க்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். இது எப்படி என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் மாத்திரை மட்டும் போதாது, இன்சுலின் ஊசியும் போட்டாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஊசி என்றால் பயம். அதைவிட, ஊசி போட்டுக்கொள்கிற ஆள் என்று ஸ்டாண்டில் பேர் வாங்குவது பயம். அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் ஏரியாவில், தறிச்சத்தம் கேட்கிற ஒரு சந்துக்குள், காந்த சிகிச்சை நிலையம் திறந்தது. காந்த மெத்தையில் இலவசமாகப் படுக்கலாம். காந்தத்தின் மேல் வைத்த தண்ணீரை டம்ளரில் தருவார்கள். நாலு கறுப்புக் காந்தம் பதித்த எவர்சில்வர் வளையலை விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். நடத்தியவரை எல்லோரும் 'காந்த சார்' என்றார்கள். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட வைக்கும், சர்க்கரை கரைந்துவிடும் என்பது அவருடைய விளக்கம். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "மருந்தும் காந்தமும் ஒரே உடம்புல சேராது சார். ரெண்டும் சண்ட போடும். மாத்திரையக் கொஞ்சங் கொஞ்சமா விட்ருங்க" என்று சொல்லியிருந்தார். மாமாவும் காலை மாத்திரையை விட்டுவிட்டு ராத்திரி மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

மாமா ஏன் நம்பினார் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், காந்த சார் அவரை 'சார்' என்று கூப்பிட்டதுதான். ஆஸ்பத்திரி வரிசையில் "ஏய், தள்ளி நில்லுய்யா" என்றார்கள். ஒரு டாக்டர் சீட்டைப் பார்த்தே பேசி, சீட்டைப் பார்த்தே திட்டி, சீட்டிலேயே எழுதி அனுப்பினாராம்; மாமாவின் மூஞ்சியை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையாம். இங்கே மெத்தை, ஃபேன், "வாங்க சார், நேத்து தூக்கம் எப்படி?" என்ற விசாரிப்பு. நாள் முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்குகிற மனுஷனை ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார். நான் கோபப்படுகிறவர்களின் வரிசையில் அந்த டாக்டரும் இருக்கிறார். கொஞ்சம் பின்னால்தான், ஆனால் இருக்கிறார்.

அந்தக் கை அழுத்துகிற வித்தையை மட்டும் நான் விடவில்லை. வம்பு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மூன்று நாலு பேருக்கு அவர் செய்து காட்டுவதை ஓரமாக நின்று பார்த்தேன். முதல் தடவை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மணிக்கட்டுப் பக்கம் அழுத்துவார். கை விழும். வளையலை மாட்டிய பிறகு, "இப்பக் கெட்டியாப் புடிங்க, விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, முழங்கைப் பக்கம் கொஞ்சம் ஏறி அழுத்துவார். கை நிற்கும். கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும், கீல் பக்கம் தள்ளினால் ஆள் போதாது என்பது மாதிரிதான். கடையில் பையன்களை நிற்க வைத்து நானும் செய்து பார்த்தேன். வளையலுக்குப் பதில் கடலைப் பொட்டலம் கொடுத்தேன், கை நின்றது. ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தேன், நின்றது. எங்கள் முதலாளியின் செருப்பைக் கொடுத்தேன், அதற்கும் நின்றது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். "மாப்ள, நீ அழுத்துறது கூலிக்கு அழுத்துறது. சார் அழுத்துறது படிச்சு அழுத்துறது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அத்தையும், அதாவது மாமாவின் மனைவியும், முழங்கால் வலிக்கு ஒரு வளையல் வாங்கியிருந்தாள். மாவாட்டும்போது அதைக் கழற்றி ஜன்னலில் வைப்பாள். ஒருநாள் மிக்ஸிக்கு வயர் மாற்றப் போன நான், அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் அந்த வளையலை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். காந்தம் ரொம்பச் சூடானால் அதன் உயிர் போய்விடும். ஸ்பீக்கரோடு புழங்குகிறவர்களுக்கு இது புதிதில்லை. ஆறிய பிறகு குண்டூசியை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. புளி போட்டுக் கறுப்பைத் தேய்த்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அத்தை செத்த வளையலைப் போட்டுக்கொண்டு நடந்தாள். சும்மா நடக்கவில்லை, அழகர்கோயில் போய் வந்தாள். "காந்தம் போட்டதுலருந்து காலு எனக்குன்னே சொந்தமாயிருச்சுடா" என்று என்னிடமே சொன்னாள். சில வாரம் பொறுத்து, மாமாவும் இருக்கும்போது, குண்டூசியோடு போய் உண்மையைப் போட்டு உடைத்தேன்.

"அடப்பாவி! அதானே பாத்தேன், மொழங்காலு ஏன் இந்தக் குத்துக் குத்துதுன்னு!"

"எப்பருந்து குத்துது அத்தை?"

"இப்ப... காலையிலருந்தே குத்துதுடா!"

"காலையில மொளகா காயப்போட ரெண்டு தடவ மாடிக்குப் போயிட்டு வந்தீக. அப்பக் குத்தலயாக்கும்?"

அத்தை கரண்டியை எடுத்தாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னது: "பொம்பளைக்கு மனசுடா மாப்ள. அதுக்கு எதக் குடுத்தாலும் கேக்கும். எனக்கு ரத்தத்துல பிரச்சினை. ரத்தம் பொய் சொல்லுமா?"

அப்போதுதான் நான் சொன்னேன். ஒரே மாதிரி ரெண்டு வளையல் இருக்கிறது, ஒன்று உயிரோடு, ஒன்று செத்தது. ரெண்டையும் வெளியே தெரியாமல் பொட்டலம் கட்டுவோம். எது எது என்று உங்களுக்கும் தெரியக்கூடாது, அழுத்துகிற எனக்கும் தெரியக்கூடாது. கலைத்துக் கலைத்து எடுத்து, பல தடவை செய்வோம். காந்தம் வரும்போதெல்லாம் கை நின்று, செத்தது வரும்போதெல்லாம் விழுந்தால், நானே கடையை விட்டு நின்று காந்த சாருக்குக் கோட்டுத் துவைக்கப் போகிறேன். அப்படி வராவிட்டால் நீங்கள் மாத்திரையும் சாப்பிட வேண்டும், ஊசியும் போட வேண்டும். எனக்கும் தெரியக்கூடாது என்று நான் சொன்னதில் காரணம் இருந்தது. கடையில் பையன்களிடம் நல்ல ஸ்பீக்கர் காந்தத்தையும் செத்ததையும் கொடுத்துச் செய்து பார்த்தபோது, செத்தது எது என்று தெரிந்திருந்தால் என் கை தன்னால் அதிகம் அழுத்தியது. நான் சொல்லி அது அழுத்தவில்லை. அந்த சாரின் கை மட்டும்தான் பொய் சொல்லும், என் கை சொல்லாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்படுகிறவனின் கைதான் இன்னும் மோசமாகப் பொய் சொல்கிறது.

மாமா யோசித்தார். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாமா அந்த ஒரு நிமிஷம் திரும்பி வந்தார். "சரி மாப்ள. தோத்தா ஊசி" என்று கையை நீட்டினார். நானும் கையடித்தேன். அந்த இடத்திலேயே உட்கார வைத்து முடித்திருக்கலாம். ஆனால் அத்தை குறுக்கே விழுந்தாள். "இது எதுக்குடா வீட்ல? இதுதான் பூக்கட்டிப் பாக்குறது. வெள்ளிக்கெழம வண்டியூர்ல ஆத்தா முன்னாடி பாத்துருவோம்."

எங்கள் பக்கம் கல்யாணம், நிலம், வெளியூர்ப் பயணம் எதிலாவது மனசு குழம்பினால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், வெளியே ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பொட்டலத்தில் இருக்கிற நிறம்தான் சாமியின் உத்தரவு. கட்டியவருக்கும் தெரியாது, எடுக்கிற பிள்ளைக்கும் தெரியாது. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். எனக்கு வேண்டியதும் அதேதானே, சாமிக்கு என்ன ஆட்சேபணை இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பூக்காரம்மா ஒருத்தி வளையல்களை எங்களுக்குக் காட்டாமல் தனித்தனி இலையில் சுருட்டி நாரால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அத்தை ரெண்டையும் அம்மன் சன்னிதியில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தாள். யாரோ ஒரு சின்னப் பெண்பிள்ளை ஒன்றைத் தொட்டது. அதை மாமாவின் மணிக்கட்டில் வைத்துக் கட்டினோம். மாமா கையை நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரே சீராக அழுத்தினேன். கை நின்றது. பிரித்தோம். குண்டூசி பாய்ந்து போய் ஒட்டியது. உயிருள்ள வளையல்.

அத்தை குலவை போட்டாள். படியில் இருந்த ரெண்டு பெண்கள், என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து போட்டார்கள். "சரி, நல்லது. இப்ப அடுத்த பொட்டலத்தக் கட்டுங்க மாமா. செத்தது எப்படி நிக்குதுன்னு பாக்கணும்ல" என்றேன். அதற்கும் கை நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றால்தான் விஷயமே.

"என்னாது, அடுத்ததா?" என்றாள் அத்தை. "ஆத்தா உத்தரவு குடுத்துருச்சு. குடுத்த பெறகு இன்னொண்ணப் பிரிப்பாகளா? எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?"

அவள் சொன்னது சரி. பூக்கட்டிப் பார்த்தால் ஒரு தடவைதான். இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகும். நான் மாமாவைப் பார்த்தேன். "மாமா, பேசுனது என்னா? பல தடவைன்னுதான பேச்சு? காசச் சுண்டி ஒரு தடவ தலை விழுந்தா, காசுக்கு ரெண்டு பக்கமும் தலையா?" என்று கத்தினேன். மாமா வளையலைக் கையில் மாட்டிக்கொண்டிருந்தார். "சாமிகிட்ட ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்கக்கூடாது மாப்ள. வா, காப்பி குடிப்போம்" என்றார். அதற்குள் அத்தை இரண்டாவது பொட்டலத்தை எடுத்து, நார் அவிழாமல், தெப்பக்குளத்துக்குள் எறிந்துவிட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அன்றோடு ராத்திரி மாத்திரையும் நின்றது.

 ஒருநாள் ஸ்டாண்டில் மாமாவின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பிரேக் பெடலுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு, காய்ந்த ரத்தத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது. மாமாவின் செருப்பைக் கழற்றினேன். அடியிலிருந்து ஒரு ஆணி ஏறி, செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்குள் போயிருந்தது. காலையிலிருந்து அந்தக் காலால்தான் பிரேக் பிடித்திருக்கிறார். அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: "பாத்தியா மாப்ள? இம்புட்டு நீள ஆணி. ஒரு துளி வலி இல்ல. காந்தம் எப்பேர்ப்பட்ட வேல செஞ்சிருக்கு பாரு!"

சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி செத்துப்போகும். வலி தெரியாதது குணமானதற்கு அடையாளம் இல்லை. கால் சாகத் தொடங்கியதற்கு அடையாளம். இது மருந்துக் கடையில் நிற்கிற பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருந்தது, நான் போய்க் கேட்ட உடனே சொன்னாள். காந்த சாருக்குத் தெரியாதா? சிகிச்சை நிலையத்துக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மாமா அங்கே போய், நடு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்திருந்தார். கையில் அந்த ஆணி. காந்த சார் கூட்டத்தைப் பார்த்து, "ஆணி ஏறியும் வலி இல்ல. நீங்களே சாரக் கேளுங்க" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. இதுவரை காந்த சாரை 'அவர்' என்று எழுதி வந்தேன். இனி அவன் என்றுதான் எழுதுவேன்.

"யோவ், அந்தக் கால ஒரு டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுய்யா! இன்னும் கைதட்டுறீக, கூத்தா நடக்குது இங்க?" என்று கத்தினேன். அவன் கோபப்படவே இல்லை. சிரித்த முகமாக, "தம்பி படிப்ப நிப்பாட்டுனவரா?" என்று கேட்டான். நாற்காலிகளில் சிரிப்பு. நாலு பேர் என் சட்டையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அவர்களில் ரெண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். மாமா உள்ளேயிருந்து, "விடுங்கப்பா, எங்க மாப்ளதான், கொஞ்சம் கோக்குமாக்கா பேசுவான்" என்று எனக்காகச் சிபாரிசு செய்தார். என்னை யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது. அந்தச் சிபாரிசு இன்றைக்கும் உறைக்கிறது.

ஆணி ஏறிய இடம் ஆறவில்லை. காய்ச்சல் வந்து நினைவு தடுமாறிய பிறகுதான் அத்தை என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், அதற்கு முன்னால் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்க வேண்டும் என்றார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்து நினைவு தெளிந்தபோது மாமா ஊசியை மறுத்தார். வளையலைப் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்தார். மருந்தும் காந்தமும் சேராது என்பது மட்டும் அவர் தலைக்குள் ஆணியாக ஏறியிருந்தது.

அவர் மனசை மாற்றியது நான் இல்லை. பக்கத்துக் கட்டிலில் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். ஒரு கால் ஏற்கெனவே இல்லை. அவர் போர்வையை இழுத்துவிடும்போது கையைப் பார்த்தோம். அதே வளையல். நாலு கறுப்புப் புள்ளி. மாமா ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, அன்னைக்கு அந்த ரெண்டாவது பொட்டலத்தையும் பிரிச்சிருக்கணுமோ?" என்று கேட்டார்.

விவசாயி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தார். "கொண்டு போயி நல்லாத் தீயில காட்டு தம்பி" என்றார். வாசலில் இருந்த டீக்கடை அடுப்பில் அதைக் கொன்று எடுத்து வந்தேன். ஊசி போட வந்து மாமாவிடம் திட்டு வாங்கியிருந்த சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல பெண். பச்சைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டி, விழுந்ததற்குத் தகுந்தபடி ஒரு வளையலை எடுத்துப் பஞ்சுக்குள் வைத்து, கட்டுத் துணியால் சுற்றி, வாய் திறக்காமல் நீட்டினாள். எது என்று தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். விவசாயியின் மகன் அழுத்தினான். அவனுக்கும் எதுவும் தெரியாது. மாமா டிரிப் மாட்டாத கையை நீட்டி, ஒவ்வொரு தடவையும் அது நின்றால் "காந்தம்" என்றும் விழுந்தால் "செத்தது" என்றும் சொன்னார். இடையிடையே ஓய்வு கொடுத்து, இருபது தடவை செய்தோம். வார்டே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை எந்தப் பொட்டலத்தையும் அவள் தொடவில்லை.

சிஸ்டர் திரையை விலக்கி உள்ளங்கையை மாமாவிடம் காட்டினாள். அவரே வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தார், தேங்காயைத் தட்டுகிற அதே முகத்தோடு. பாதி சரி, பாதி தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். செத்த வளையலுக்குக் கை கம்பியாக நின்றிருக்கிறது. நல்ல வளையலுக்கு விழுந்திருக்கிறது.

"இம்புட்டுதானா மாப்ள?" என்றார் மாமா.

அவர் கேட்டது காந்தத்தைப் பற்றி இல்லை. இதைத் தெரிந்துகொள்ள இவ்வளவுதான் ஆகுமா என்று கேட்டார். ரெண்டு பொட்டலம், ஒரு திரை, ஒரு காசு, விஷயம் தெரியாத ஒரு ஆள். ஒரு மணி நேரம்கூட இல்லை. எங்கள் தெருவில் அந்த வளையல் இல்லாத வீடு இல்லை. அத்தனை வீட்டிலும் இலை இருக்கிறது, நூல் இருக்கிறது, ஒரு ரூபாய் இருக்கிறது. நான் "ஆமா மாமா" என்றேன். அவர் வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "போடும்மா" என்று சிஸ்டரிடம் சொன்னார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் அவர் காலை வெட்டி எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் மாமா போய்விட்டார்.

எழவு வீட்டுக்கு அவன் வந்தான். பெரிய மாலை. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ரெண்டு பக்கமும் இருந்தவர்களிடம் துக்கக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்: "காந்தத்தோட இருந்தவரைக்கும் மனுஷன் வண்டி ஓட்டிக்கிட்டுத்தான இருந்தாரு? அதக் கழட்டி ஊசியப் போட்டாங்க. மூணே நாள்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆமாம், பார்த்தோமே, ஊசிக்குப் பிறகுதானே போனார். மறுபடியும் ஒரே ஒரு பொட்டலம், மறுபடியும் அதுதான் உத்தரவு. நான் எழுந்தேன். அவன் கழுத்தைப் பிடிக்கத்தான் எழுந்தேன். எனக்கு முன்னால் அத்தை வந்துவிட்டாள்.

"சார்" என்றாள். தலை விரிந்து கிடந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "இவுக கடைசியா ஒண்ணு கேட்டாக. இம்புட்டுதானான்னு. ரெண்டு பொட்டலம் கட்டி, யாருக்கும் தெரியாம அழுத்திப் பாக்குறது. படிக்காத பய எங்க வீட்டு மாப்ள, அவனுக்குத் தோணுச்சு. நான் தடுத்தேன். அதுக்கு நான் ஆயுசுக்கும் அழுதுக்கிறேன். நீங்க எத்தன பேரு கைய அழுத்தியிருப்பீக? உங்களுக்கு ஒரு நாளாச்சும் அப்படிப் பண்ணிப் பாக்கணும்னு தோணலயா சார்? இல்ல, பண்ணிப் பாத்துட்டுத்தான் எங்ககிட்ட வந்தீகளா?"

ஒப்பாரி வைத்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பதிலுக்காக அத்தை அவன் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். "எழவு வீட்டுக்கு வந்தவரப் போயி இப்படியா தாயி கேக்குறது?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அத்தையை அதட்டினார். அதுபோதும் அவனுக்கு. நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பந்தலைத் தாண்டிப் போனான். ஒருவர்கூட அவனைத் தப்பாக நினைக்கவில்லை. எழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவதுதானே எங்கள் வழக்கம்.